ஆறு திருகாணியும் இரண்டு முளையும்

இசைக்கருவிக் கடையின் பின்னறையில் இரண்டு மேசைகள். சுவரோர மேசை என்னுடையது. நான் கீபோர்டு பழுது பார்ப்பவன். ஜன்னலோர மேசை அவளுடையது. அவளுக்குக் கிட்டார் வேலை. பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். கடையில் அவளுக்கு 'அரைச்சுத்து' என்று பெயர். எந்தத் திருகாணியைப் பற்றிக் கேட்டாலும் "அரைச்சுத்து போதும்" என்பாள். டீக்காரர் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதற்கும் ஒருநாள் ஞாபகப்பிசகாக அதையே சொல்லிவிட்டாள். பெயர் அன்றோடு ஒட்டிக்கொண்டது.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தம்பியால்தான். ஏழு வயது இளையவன். அம்மா இல்லாத வீட்டில் அவனுக்குத் தலைவாரிவிட்டதும், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். பதினாறு வயதில் அவன் எங்கிருந்தோ ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு வாசிக்க வந்தது, அதைப் பராமரிக்க வரவில்லை. அப்பா ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவள் அதைச் சமையலறைத் தரையில் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினாள். இரண்டு ஸ்பிரிங் மிஞ்சிப்போனதாம். ஆனாலும் கிட்டார் முன்னைவிட நன்றாகவே பாடியதாம். கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து இரண்டே வருடத்தில் திரும்பி வந்தபோது, கையில் இருந்த ஒரே தொழில் அதுதான். எங்கள் கடையில் சேர்ந்தாள். அப்பா போன பிறகு அக்காவும் தம்பியும் மட்டும் ஒரு மாடிவீட்டில் இருந்தார்கள். அவன் ஓர் இசைக்குழுவில் வாசித்துக்கொண்டிருந்தான்.

அவன் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் இரும்புத் தகட்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அதில் ஒரு கைப்பிடி உண்டு. கைப்பிடியை அழுத்தினால் தகடு முன்னால் சாயும், தந்தி தளரும், ஸ்வரம் விம்மி இறங்கும். கையை எடுத்தால் பின்புறத்து ஸ்பிரிங்குகள் தகட்டைப் பழைய இடத்துக்கு இழுக்கும். அந்தப் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்பதில்தான் எல்லா வழக்கும். பழைய காலத்துப் பிரிட்ஜை ஆறு திருகாணிகள் வரிசையாகப் பிடித்திருக்கும். ஆறு இடத்தில் உரசுவதால் திரும்பி வரும்போது ஒரு மயிரிழை தவறும். புதிய வகையில் இரண்டே முளைகள். கத்திமுனைபோல் தீட்டிய தகட்டின் விளிம்பு தராசு முள் மாதிரி அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கும். எவ்வளவு ஆட்டினாலும் பிசகாமல் திரும்பும்.

வாடிக்கையாளர்கள் இதை வைத்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவார்கள். அவள் தலைநிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறை நான் வாயைக் கிளறினேன்.

"ரெண்டுல எதும்மா நல்லது?"

"புதுசு சொன்னபடி கேக்கும். பழசுல தகட்டுக்கு அடியில இருக்கிற இரும்புக்கட்டி பெருசு, அதனால ஒரு கணீர் இருக்கு. நடுவுல இருக்கிற நாலு ஸ்குரூவை லேசா தளர்த்திவிட்டா அதுவும் ஒழுங்காத்தான் இருக்கும். மனுஷங்களுக்குத்தான் பொறுமை இல்ல."

தம்பியின் கிட்டாரில் இருந்தது அந்த ஆறு திருகாணிப் பிரிட்ஜ். இருபது வருடமாக மாதம் ஒருமுறை அவளே அதைச் சரிபார்த்து வந்தாள்.

தொந்தரவு ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. நிகழ்ச்சி ஒன்றில் கிட்டார் சுருதி விலகியதாகக் குழுத்தலைவர் சொல்லியிருக்கிறார். அடுத்த நிகழ்ச்சியிலும் அப்படியே. தம்பி மத்தியான நேரத்தில் கடைக்கு வந்து, பெட்டியை அவள் மேசைமேல் வைத்தான்.

"அக்கா, இந்தப் பிரிட்ஜ் செத்துப்போச்சு. நானும் மேடையில நின்னு முறுக்கி முறுக்கிப் பார்க்குறேன், நிக்கவே மாட்டேங்குது."

அவள் சுருதியை முள்ளில் காட்டும் ட்யூனரைச் சொருகி, கைப்பிடியை அழுத்தி விட்டாள். முள் நடுவிலிருந்து ஒரு மயிரளவு விலகி நின்றது.

"இதோ பாரு. இது யார் காதுக்கும் தெரியாதுடா."

"எனக்குத் தெரியுதே. ஒரே ஸ்வரம் ரெண்டா கேக்குது."

"ட்யூனர் சரின்னு சொல்லுது."

"ட்யூனரைப் பார்த்து வாசிக்கிற ஆள் இல்ல நான். ரெண்டு முளை போட்டுக் குடு."

அந்தக் கிட்டாரின் மரத்தைத் துளைக்க அவளுக்கு மனமில்லை. பழைய ஆறு துளைகளை அடைத்துவிட்டு, பென்சில் பருமனைவிடப் பெரிதாகப் புதிய துளை இரண்டு போட வேண்டும். போட்டால் போட்டதுதான். ஒரு மாதம் சாக்குச் சொல்லி இழுத்தடித்தாள். தந்தி மாற்றினாள், ஸ்பிரிங் மாற்றினாள், எண்ணெய் விட்டாள். எதுவும் எடுபடவில்லை. அடுத்த நிகழ்ச்சியிலும் இப்படியென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று குழுத்தலைவர் சொன்ன பிறகு அவளால் மறுக்க முடியவில்லை.

கெட்டியான மரத்தில் ஆறு குச்சிகள் சீவி, பசை தடவி, துளைகளில் அடித்து இறக்கினாள். மறுநாள் காலை துளைபோடும் இயந்திரத்தின் அடியில் கிட்டாரைக் கிடத்தினாள். ரேடியோவை நிறுத்தச் சொன்னாள். இரண்டாவது துளையின் ஓரத்தில் பெயின்ட் நகக்கண் அளவுக்குத் தெறித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தெறித்த துணுக்கைத் தேடித் தரையில் தவழ்ந்தாள். கிடைக்கவில்லை.

தம்பி அன்று சாயங்காலமே வந்தான். புதிய பிரிட்ஜ் இரண்டு முளைகளின்மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அவள் கைப்பிடியைக் கிட்டாரின் பலகையைத் தொடும்வரை அழுத்தி விட்டாள். முள் நட்டநடுவில் வந்து நின்றது. பத்துத் தரம் செய்தாள், பத்துத் தரமும் நடுவில்தான். எனக்கே பெருமையாக இருந்தது.

தம்பி வாசித்தான். பாதியிலேயே நிறுத்தினான்.

"இன்னும் அப்படியேதான் இருக்குக்கா."

அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணா, ஒரு ஸ்வரம் பிடிங்க. நானே சேர்த்துக்கிறேன்."

முன்கூடத்தில் வாடிக்கையாளர்கள் இருந்ததால் நான் ஹெட்ஃபோனில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் அதை வாங்கி ஒரு பக்கத்தை இடது காதில் ஒட்டிப் பிடித்துக்கொண்டான். நான் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தேன். வலது காதால் கிட்டாரைக் கேட்டபடியே அவன் முறுக்கினான். ட்யூனர் முள் நடுவைவிட்டு வெகுதூரம் விலகியது. அவன் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் சரியா இருக்கு."

அக்கா முள்ளைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் அவன் கையிலிருந்த ஹெட்ஃபோனை எடுத்து அவனுடைய வலது காதில் வைத்தாள். என் விரல் கட்டையிலேயே இருந்தது.

"அண்ணா, ஸ்வரத்தை மாத்திட்டீங்களா?" என்றான்.

"இல்லப்பா."

அவள் ஹெட்ஃபோனை மறுபடி இடது காதுக்குக் கொண்டுபோனாள். மறுபடி வலதுக்கு. மூன்றாவது தடவை அவனுக்கே புரிந்துவிட்டது. ஹெட்ஃபோனை மெதுவாக என் மேசைமேல் வைத்துவிட்டு, "மேடையில கீபோர்டு எப்பவும் எனக்கு இடப்பக்கம்" என்று மட்டும் சொன்னான்.

காது டாக்டர் நிறையக் கேள்வி கேட்டாராம். இத்தனை வருடமும் டிரம்ஸ் பக்கத்திலேயே நின்றாயா என்று கேட்டாராம். இடது காதின் உள்நரம்பு கெட்டுவிட்டது, அது ஸ்வரத்தைத் தாழ்த்திக் காட்டுகிறது, சரிசெய்ய வழியில்லை, வலது காதையாவது காப்பாற்றிக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"ஒரு வருஷமா டிவியைச் சத்தமா வெச்சுக்கிட்டு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சே உக்காந்திருந்தான், அண்ணா," என்றாள் அவள் மறுநாள். "கழுத்துப் பிடிப்புன்னு நெனச்சு தைலம் தேய்ச்சுவிட்டேன்."

குழு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. காதின்மேல் காட்ட முடியாத கோபத்தை அவன் அக்காமேல் காட்டினான். "நான் ஆயிரம் சொல்லுவேன். அதை ஏன் துளைச்ச? அதையாவது விட்டு வெச்சிருக்கலாமே" என்றானாம். துளைக்கச் சொன்னவனே அவன்தான் என்று அவள் சொல்லிக் காட்டவில்லை. பழையபடி ஆறு திருகாணி போட்டுத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். "பொணத்துக்கு மருந்தா?" என்று கதவைச் சாத்திக்கொண்டானாம். ஆறு வாரம் ஒரே வீட்டில் இருவரும் பேச்சில்லாமல் இருந்தார்கள். அவள் சமைத்து மூடி வைப்பாள், அவள் தூங்கப்போன பிறகு அவன் எடுத்துச் சாப்பிடுவான்.

அப்புறம் அவன் ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். லாரியில் ஏறுவதையும் இறங்குவதையும் பட்டியலோடு ஒத்துப்பார்க்கும் வேலை. வீட்டில் டிவி ஓடும், சத்தம் இருக்காது. கடையில் அவள் பழைய கிட்டார்களைத் துளைக்கும் வேலையை ஏற்பதை நிறுத்திக்கொண்டாள். முதலாளி முணுமுணுத்தார். "எனக்குக் கை நடுங்குது, வேற கடைக்கு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் தாமதமாக வந்தாள். பையை வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்காமலே உட்கார்ந்தாள்.

"கிட்டாரை வித்துட்டான், அண்ணா. காலையில பெட்டி இருந்த இடம் காலியா இருந்துச்சு."

"உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

"இல்ல. யாருக்குடான்னு கேட்டேன். பேரு கேட்கலைன்னான். கனமான தந்தி போட்டா பிரிட்ஜ் தூக்கிடும், அதை அந்த ஆள்கிட்ட சொன்னியான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'சரியா காதுல விழல'ன்னான். நான் நின்னது அவனுக்கு வலப்பக்கம், நல்ல காதுப் பக்கம்தான்."

அவள் ஒரு துணியை எடுத்து, சுத்தமாகவே இருந்த மேசையைத் துடைத்தாள். முன்கூடத்திலிருந்து யாரோ ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். வெகுநேரம் அதன் பெட்டியைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்தாள்.