நட்சத்திரக்காரி

துரத்திவிட்டார்களாமே. யார் பார்த்தது? நட்சத்திரக்காரியை யாரும் துரத்தவில்லை. லஞ்சம் வாங்கினாள், மாட்டிக்கொண்டாள் என்று வாசலுக்கு வாசல் நின்று வாய் வலிக்கப் பேசுகிறவர்கள், தங்கள் ஜன்னலுக்கு மேலே வெயில் மறைப்பு எப்படி வந்தது என்று ஒருமுறை அண்ணாந்து பார்க்கட்டும். அந்த நிழலில்தான் இன்று அவளுடைய அக்கா மத்தியானம் காலை நீட்டித் தூங்குகிறாள்.

புதிதாகக் கட்டும் வீடு வெயிலைத் தாங்குமா, மின்சாரத்தையும் தண்ணீரையும் விழுங்காமல் இருக்குமா என்று பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடுவது அவள் வேலை. நான்குக்குக் கீழே இறங்கினால் விற்க அனுமதி கிடையாது. வேலை நேரம் என்றில்லை, யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரமாட்டாள். புறங்கையை நனைத்து, ஜன்னல் இடுக்கில் காற்று கசிகிறதா என்று பார்ப்பாள். பிறகு மேற்குச் சுவரில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றுவிடுவாள்.

"வந்தவ ஒரு வாய் காபி குடிக்கிறாளா பாரு. சுவருக்குக் காய்ச்சல் பார்த்துக்கிட்டு நிக்கிறா" என்பாள் அக்கா.

அந்த அக்காதான் புதுத் தெருவில் மேற்கு பார்த்த வரிசையில் வீடு பேசி வைத்திருந்தாள். இரு வரிசையும் அச்சு அசலாக ஒரே வீடு. கிழக்கு பார்த்ததற்கு இவளே ஐந்து போட்டிருந்தாள். அதையே எதிர் வரிசைக்கும் போட்டுவிடச் சொன்னார் கட்டியவர். வீடு ஒன்றானால் வெயிலும் ஒன்றா? அங்கே காலை வெயில் பட்டு ஓய்ந்த அதே கண்ணாடி ஜன்னல், இங்கே மாலை வரை அனலை வாரி ஹாலுக்குள் கொட்டியது.

அக்கா சண்டைக்கே வந்துவிட்டாள். "நீ குறைச்சுட்டா வீடு எப்படிடி கைக்கு வரும்? வாடகை வீட்டுலயே நான் கிழவியாகணுமா?"

இவள் அக்காவை மத்தியானத்தில் அந்த வீட்டுக்கே கூட்டிப்போனாள். "இங்கதானே கட்டில் போடப்போற? சும்மா உட்காருக்கா."

அக்கா உட்கார்ந்தாள். கழுத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். எழுந்து வாசலுக்கு வந்தவள் அதற்குமேல் நட்சத்திரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மூன்று போட்டு மேலிடத்துக்கு அனுப்பினாள். போட்டவரே மாற்றினால்தான் அது மாறும்; இல்லையென்றால் கட்டியவர் அந்த வரிசை ஜன்னலுக்கெல்லாம் வெயில் மறைப்பு வைத்துவிட்டுத்தான் மறுபடி நட்சத்திரம் கேட்டு வர வேண்டும். மறுநாள் மேலாளர் கூப்பிட்டார்.

"மாத்திப் போடும்மா. இல்லேன்னா நாளைக்கு இந்த நாற்காலி உனக்கில்ல."

"நாளைக்கு எதுக்கு சார்? இன்னிக்கே கிளம்பறேன்."

சொன்னதும், எத்தனையோ நாளாகத் தோளில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது அவளுக்கு. சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள், சால்வையை மடித்துப் பையில் வைத்தாள், வெளியே வந்தாள். அவள் பின்னால் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாமல், ஏசியின் குளிர் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். கதவை அழுத்திச் சாத்தினாள். புறங்கையை நனைத்து இடுக்கில் வைத்துப் பார்த்தாள்.

காற்று வரவில்லை. படியிறங்கிப் போனாள்.