எல்லைப் பாலத்தில் நேசன் அண்ணை

நேசன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். நான் அப்போது வைத்தியசாலைச் சமையலறையில் மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவரும் நானும் பதினாறு வருடங்கள் சேர்ந்து தள்ளிய வண்டி அது. “அப்பா காலமை எழும்பேல்லை, அங்கிள்,” என்றாள்.

மாலைக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அஞ்சலி எழுதிவிட்டீர்கள். அமைதியானவர், ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காதவர் என்றெல்லாம். உங்களில் ஒருவரும் அவரோடு சைக்கிளில் சுவீடனுக்குப் போனதில்லை. நான் போனேன்.

ரயிலில் நோர்வேயின் எல்லை ஊரான ஹால்டன் வரை போய், அங்கிருந்து சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து, சுவீடனில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. இவ்வளவுதான் திட்டம். ஹொல்ம்லியாவில் அவர் வீட்டு வாசலிலேயே கரைச்சல் தொடங்கியது. சக்கரங்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்காமல் வெளிக்கிட மாட்டாராம். இரண்டு சைக்கிளுக்கு நாலு வேண்டும், வீட்டில் மூன்றுதான் இருந்தது. கடை திறக்கும் வரை நின்றோம், ரயில் போய்விட்டது. என்னுடையது ஏழு வருடப் பழசு என்று சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை.

ஹால்டனில் இறங்கியபின், எதிரே வந்த அத்தனை பேரையும் மறித்து வழி கேட்டார். என் கைபேசியில் வழி தெளிவாக இருந்தது. “போன் வழியைச் சொல்லும். மனிசர்தான் விளங்கப்படுத்துவினம்,” என்றார். ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய தூரத்துக்கு மூன்று மணி நேரம் எடுத்தது. கைபிடியில் அவர் தொங்கவிட்ட சாப்பாட்டு வாளியிலிருந்து தேங்காய்ப்பால் சொதி வழியெல்லாம் சிந்தியது.

பாலத்தின் நடுவில் எல்லைக்கோடு இருக்கிறது. அங்கே இறங்கினார். பையிலிருந்து நல்ல சட்டையை எடுத்து மாற்றினார், தலை சீவினார், சிவப்பு நிற நோர்வேக் கடவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சை ஒருத்தரும் பாக்க மாட்டினம், அண்ணை.”

“தெரியும். நீர் பாரும்.”

பசியில் எனக்குத் தலை சுற்றியது. தொலையட்டும் என்று வாங்கித் திறந்தேன். அதிகாரி மாதிரிக் குரலை மாற்றி, “எங்கையிருந்து வாறீர்?” என்றேன்.

“ஹொல்ம்லியா.”

“எத்தினை நாள் நிக்கப் போறீர்?”

“சாப்பிட்டிட்டுத் திரும்பீடுவன்.”

போகலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சுவீடன் பக்கத்தில் உட்கார்ந்து, மிஞ்சியிருந்த சொதியை இடியப்பத்தில் ஊற்றும்போதுதான் காரணத்தைச் சொன்னார். அவர் முதன்முதலில் நோர்வேக்குள் வந்தது இந்தப் பாலத்தால்தான். லொறியில், பெட்டிகளுக்கு அடியில் படுத்தபடி. “பாலம் எண்டு பிறகுதான் சொன்னாங்கள். எனக்குத் தெரிஞ்சது ரயர்ச் சத்தம் மட்டும்தான்,” என்றார்.

திரும்பி வரும்போது அதே கோட்டில் மறுபடியும் இறங்கினார். மறுபடியும் கடவுச்சீட்டை நீட்டினார்.

“இப்பதான் உள்ளுக்கை வாறன், தம்பி. இதுதான் முக்கியம்.”

ரயிலுக்கு நேரம் இருக்கவில்லை. என் கால்கள் மரத்துப்போயிருந்தன. காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சல் எல்லாம் அந்த நிமிடத்தில் வந்தது. “காணும் அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ,” என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து மிதித்தேன்.

அந்த ரயிலும் தவறித்தான் போனது. அடுத்த நாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்துக் கோப்பி ஊற்றி வைத்திருந்தார். சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். அதற்கும் இடம் தராமல் போய்விட்டார். இரண்டாவது தடவைதான் முக்கியம் என்றால் அதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்தானே என்று இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது.

அன்றைக்குப் பாலம் முடிகிற இடத்தில் நான் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். நல்ல வெயில். நேசன் அண்ணை கடவுச்சீட்டைத் தானே திறந்து, படத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, மூடி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி உள்ளே வந்தார். அவரைப் பற்றி நான் வைத்திருப்பது இதைத்தான்.