லீஸ்பெத்துக்குக் கிடைத்த பங்கு

அப்பாவை அடக்கம் செய்த மறுவாரம் முன்னறையில் உயில் வாசித்தார்கள். வாசித்தவர் மூப்பர் ஹார்மன். தேவாலயத்தில் வேதப் புத்தகத்துச் சங்கீதம் வாசிக்கிற அதே குரல். நிலமும் கல்வீடும் மூத்தவன் தூனிஸுக்கு. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. சிவப்புப் பசுக்கள் இரண்டும் இறகு மெத்தையும் லீஸ்பெத்துக்கு. அம்மாவின் பெரிய ஓக் மர அலமாரி இளையவள் கிரீட்டுக்கு.

லீஸ்பெத் மடியில் கிடந்த கைக்குட்டையை முறுக்கினாள். மூத்த மகள் ஒருத்தி இருக்கும்போது அலமாரி ஏன் இளையவளுக்குப் போக வேண்டும்? கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்கே தெரியும். மலைமேல் உன் மரக்குடிலில் அதை எங்கே நிறுத்துவாய் என்பார்கள். கிரீட்டுக்கு ஹட்சன் ஆற்றோரத்துக் கறுப்பு மண், கண்ணாடி ஜன்னல் வைத்த வீடு, சிரிக்கத் தெரிந்த புருஷன். லீஸ்பெத்தின் புருஷன் யாக்கப்புக்கு, உழ உழக் கல்லாக முளைக்கிற நிலம். சிறுவயதில் ஒரே தட்டில் பலகாரம் வைத்தாலும் கிரீட்டின் பக்கம்தான் பெரிதாக இருக்கும். அப்படித்தான் லீஸ்பெத்துக்கு நினைவு.

மூப்பர் தாளைத் திருப்பினார். "என் அடிமைப் பெண் சானா உண்மையாய் உழைத்தவள். ஆகையால் என் பிள்ளைகள் மூவரில் யாரிடம் வாழ விரும்புகிறாளோ, அவரிடம் அவள் போகலாம். அவளே தெரிந்தெடுக்கட்டும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நல்ல மனசு என்று தூனிஸின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத்து டச்சுக் குடும்பங்களில் கிழவர்கள் இப்படி எழுதிவைப்பது உண்டு. எழுதியவர் நிம்மதியாகச் சாவார். மூன்று வீடுகளைச் சொல்லிவிட்டு, எந்த வீடும் வேண்டாம் என்கிற உரிமையை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பது அன்று அந்த அறையில் யார் கண்ணிலாவது பட்டதா? லீஸ்பெத்தின் கண்ணில் படவில்லை. அவள் மனதில் ஓடியது ஒன்றுதான். அலமாரி போனால் போகட்டும், சானா என்னுடையவள்.

அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்கு மூன்று வயது முடிந்ததும், வருகிற புத்தாண்டு அன்று வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு அதைக் கொடுப்பார்கள். பெண்ணென்றால் பெண்ணுக்கு. வாங்கிக்கொள்கிற பிள்ளை அந்தக் குழந்தைக்கு ஒரு காசும் ஒரு ஜோடி சப்பாத்தும் கொடுக்கும். அப்படி வந்தவள்தான் சானா. லீஸ்பெத்தின் கட்டிலுக்குக் கீழே படுத்து, அவளோடு அம்மை கண்டு, அவளோடு பிழைத்தவள். கல்யாணமாகி மலைக்குப் போனபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று லீஸ்பெத்தான் அவளை விட்டுவிட்டுப் போனாள். பிறகு அப்பாவுக்கு முடியவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன.

சானாவை அழைத்து, சனிக்கிழமை வரை யோசித்துச் சொல் என்றார் மூப்பர். லீஸ்பெத் அன்றே அடுக்களைக்குப் போனாள். சானா ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எங்க வீடு சின்னதுதான். ஒனக்குத் தெரியும்."

"தெரியும் லீஸ். மழை வந்தா வீட்டுல இருக்கற சட்டியெல்லாம் வரிசையா வெக்கணும்னு நீதான சொன்ன."

"கூரைய மாத்தியாச்சு."

"நல்லது."

"கிரீட் இங்க வந்தாளா?"

"காலைல வந்தா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சர்க்கரை குடுத்தா."

"எதுக்குச் சர்க்கரை?"

"டீயில போட," என்றாள் சானா. பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஒன் மூஞ்சி இருக்கே. அஞ்சு வயசுல இருந்த மாதிரியே இருக்கு."

அந்தச் சிரிப்பையே பதிலாக எடுத்துக்கொண்டு லீஸ்பெத் மலைக்குத் திரும்பினாள். அடுப்புக்குப் பக்கத்து மூலையைக் காலி செய்தாள். புதிதாக வந்த இறகு மெத்தையை அங்கே விரித்தாள்.

சனிக்கிழமை எல்லாரும் மறுபடி முன்னறையில் கூடினார்கள். சானா துவைத்த முன்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலருகே நின்றாள்.

"கிரீட்டம்மா வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"காரணம் சொல்லணும்னு இல்ல," என்றார் மூப்பர்.

"சொல்றதுல என்ன ஐயா. எம் புருஷன் யோபு அந்த வீட்டுக்குப் பக்கத்து ஆலைலதான் மூட்டை தூக்குறான். ஒரு பைப்பு புகையில தீர்றதுக்குள்ள நடந்து போயிரலாம். லீஸ் வீட்டுக்கு அவன் ஏறி எறங்கறதுக்கே ஞாயித்துக்கிழமை போயிரும்."

யோபுவின் பெயர் லீஸ்பெத்தின் காதில் ஏறவே இல்லை. அவள் கிரீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீட் சந்தோஷப்பட்டிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாளோ என்னவோ. கிரீட் கையுறையின் நூலைப் பிய்த்தபடி, "சரி, பின்னறையில இருக்கற ஆப்பிள் பீப்பாயையெல்லாம் எடுக்கச் சொல்றேன்," என்றாள். அவ்வளவுதான். கேட்காமலே கிடைத்து, கிடைத்ததையும் கவனிக்காமல் இருக்க அவளால் மட்டும் எப்படி முடிகிறது?

லீஸ்பெத் எழுந்தாள். குரலை மிருதுவாக்கிக்கொண்டாள்.

"சானா, நீ போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் புத்தாண்டு அன்னிக்கி நான் ஒனக்கு என்ன குடுத்தேன், நெனப்பிருக்கா?"

பிரிகிற நேரத்தில் பழங்கதை பேசுகிறாள் என்று நினைத்தாள் சானா. முகம் மலர்ந்தது. "சப்பாத்து. வலது கால் கடிச்சுது. ஒரு வெள்ளிக் காசு வேற. அத மறுநாளே திருப்பி வாங்கிக்கிட்ட."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். தூனிஸ் தொடையைத் தட்டினான். "இவகிட்டருந்து அந்தக் காச நான் புடுங்கினேன். அப்பா என் காதத் திருகினாரு."

"அப்ப ஒனக்கு நல்லா நெனப்பிருக்கு," என்றாள் லீஸ்பெத்.

"எட்டு வயசு எனக்கு. ஏன் நெனப்பிருக்காது?" என்றான் தூனிஸ்.

அவள் மூப்பரின் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கல்ல. சானாவ எனக்குக் குடுத்து முப்பத்தஞ்சு வருஷமாச்சு. வீட்டுல நோயாளிங்க இருக்காங்கன்னு விட்டுட்டுப் போனேன், அவ்வளவுதான். எனக்குக் குடுத்தத அப்பா எப்படி உயில்ல எழுத முடியும்?"

சிரிப்பு நின்றது. தூனிஸ் தொடையிலிருந்த கையை எடுத்தான். சொன்னதை இனி எப்படி இல்லையென்பது? அடிமையின் வார்த்தை அங்கே செல்லாது. அவன் வார்த்தை செல்லும். அவன் அப்போதுதான் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான்.

"அக்கா, அவதான் எங்கூட வரேன்னு சொல்றாளே," என்றாள் கிரீட்.

"அலமாரிய எடுத்துக்கிட்டல்ல, போதும்."

மூப்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கம் வழக்கம்தான் என்றார். சானா லீஸ்பெத்தை ஒருமுறை பார்த்தாள். கைதவறி எதையோ கீழே போட்டு உடைத்துவிட்ட குழந்தையைப் பார்ப்பதுபோல முதலில் பார்த்தாள். பிறகு அந்தப் பார்வையும் போய்விட்டது.

மலைமேல் சானா எல்லா வேலையையும் செய்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சோளக் கூழ் கட்டி தட்டாது, பால் பாத்திரம் நாறாது. மெத்தையைச் சுருட்டி லீஸ்பெத்தின் கட்டிலிலேயே வைத்துவிட்டு நிலவறையில் வைக்கோலில் படுத்தாள். எதைக் கேட்டாலும் "ஆமாங்கம்மா" என்றாள், இல்லையென்றால் "இல்லீங்கம்மா" என்றாள். லீஸ்பெத் சர்க்கரை வாங்கிவந்து கொடுத்தாள். சானா அதை டீயில் போடவே இல்லை. கட்டி கட்டியாக ஜாடியில் அப்படியே இருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை யோபு ஏறி வருவான். நிலவறையிலிருந்து சானாவின் சிரிப்பு கேட்கும். அம்மை கண்டு கிடந்தபோது லீஸ்பெத்தைச் சிரிக்கவைத்த அதே சிரிப்பு. மோர் எடுப்பதாகச் சாக்கு வைத்து லீஸ்பெத் படியிறங்குவாள். இருவரும் எழுந்து நிற்பார்கள். மோர் எடுக்க எவ்வளவு நேரம்தான் ஆகும்? அவள் ஏறி வந்ததும் மறுபடி பேச்சு தொடங்கும். பனி விழுந்து பாதை அடைபட்ட மாதங்களில் அந்தச் சத்தம் இல்லாதது லீஸ்பெத்துக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து ஒருநாள் அவளுக்கே கூசியது. பனி உருகியபோது கூச்சமும் போயிற்று.

உழவு தொடங்கும் நேரத்தில் ஆலைக்காரர் எலியாஸ் வந்தார். சானாவைக் கொடுத்தால் ஒரு ஜோடி உழவு மாடு தருகிறேன் என்றார். யோபு ஒரு வருடமாக அவரைக் கேட்டுக் கேட்டு அரித்திருக்கிறான். யாக்கப் மாடுகளின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான், முதுகைத் தடவினான். பிறகு மனைவியை வீட்டுக்குள் அழைத்தான்.

"தங்கமான மாடு. சரின்னு சொல்லிடுவோம்."

"வேண்டாம்."

"அவ ஒங்கூட முகம் குடுத்துப் பேசறதுகூட இல்ல லீஸ். எதுக்கு வெச்சுக்கிட்டு?"

"குடுத்தா எங்க போவா?"

"ஆலைக்கு. புருஷன்கிட்ட."

"ஆலைக்குப் பக்கத்து வீடு யாரோடது?"

யாக்கப் அவளையே பார்த்தான். "ஒன் தங்கச்சிக்கு இது ஞாபகம்கூட இருக்காதுடி."

"அதான்," என்றாள் லீஸ்பெத்.

அவளே வெளியே போய் எலியாஸிடம் சொன்னாள். அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கினார். முற்றத்தில் வெண்ணெய் கடைந்துகொண்டிருந்த சானா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மத்தைப் பிடித்த கைகள் நின்றிருந்தன. மாடுகளின் மணிச்சத்தம் பாதைத் திருப்பத்தில் தேய்ந்து மறையும் வரை அவள் அசையவில்லை. அப்புறம் மறுபடி கடையத் தொடங்கினாள்.

லீஸ்பெத் ஒரு முக்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஏதாவது கேட்பாள், அழுவாள், திட்டவாவது செய்வாள் என்று காத்திருந்தாள்.

வெண்ணெய் திரண்டுவிட்டது. சானா அதை வழித்து மரத்தட்டில் வைத்தாள்.

"உப்பு போட்டுரட்டுங்களா அம்மா?"

"போடு," என்றாள் லீஸ்பெத்.