கீழே வைக்காத சுமை

கத்தார், ராஸ் லஃபான் சைட்டில் நம்மோடு சாரம் கட்டிய ஹசன் பாய் போய்விட்டார். காலை டூட்டிக்கு பஸ் ஏறும் நேரத்தில் அவரோடு ஒரே ரூமில் இருந்த முருகேசன் ஓடிவந்தான். "அண்ணே, பாய் எந்திரிக்கலண்ணே." தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்காத மனிதர், இதற்கும் கேட்கவில்லை.

பாகிஸ்தானின் வடக்கே, பனிமலைக்குக் கீழே அவருடைய ஊர். மேலே உறைந்து கிடக்கும் பனி உருகினால்தான் அவர்கள் ஆற்றில் தண்ணீர், வயலில் கோதுமை. வருடா வருடம் பனி சுருங்கிக்கொண்டே போக, விதைக்கிற பருவத்தில் ஆறு வறண்டது. ஊரைக் காலி செய்யுங்கள் என்றார்கள் அதிகாரிகள். பாய் மலையேறிப் பனியை நட்டார்.

ஆமாம், நட்டார். அது அவர்களுடைய பழைய வழக்கம். ஆண்பனி, பெண்பனி என்று அவர்கள் சொல்லும் இரண்டு வகைக் கட்டிகளை வெட்டி, கரியும் வைக்கோலும் சுற்றி, முதுகுக் கூடையில் சுமந்துபோய், வெயில் படாத உச்சியில் குழிவெட்டிப் புதைப்பார்கள். சுமப்பவர் வழியில் பேசக்கூடாது. கூடையைத் தரையில் வைக்கவும் கூடாது. முடியாவிட்டால் அடுத்தவர் தோளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதைக் கேட்டு நம் சூப்பர்வைசர் மெஸ்ஸில் சிரித்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். "ஐஸை நட்டா முளைக்குமாய்யா?" நம்மோடு கிடந்தே தமிழ் பழகிய பாய், ரொட்டியை மென்றபடி சொன்னார்: "இங்க கடல் தண்ணி குடிக்கிற தண்ணி ஆகுது, அதை நம்புற. எங்க பனிய நம்ப மாட்ட. அச்சா, நல்லா சிரி."

குளிர் தொடங்கும் முன் பனி நட வேண்டும். அந்தச் சமயம் பார்த்து லீவு இல்லை என்றார்கள். "லீவு மாஃபின்னா வேலையும் கலாஸ், முடிஞ்சுது. நான் போறேன்" என்று பெட்டியைக் கட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் அனுப்பினார்கள். போன கோடை முடிந்ததும் ஊரிலிருந்து வந்த ஒரு வீடியோவைச் செல்போனில் காட்டினார். பாறை இடுக்கில் அவர் நட்ட பனி, அழுக்காக. அதன் அடியிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர். மெஸ் முழுக்க அதைக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அவரை ஊருக்கு அனுப்பிய அன்று, விமான நிலையச் சரக்குக் கூடத்தில் அவர் உடல் இருந்த பெட்டியைத் தோளில் வைத்து நின்றோம். நல்ல வெயில். காகிதம் பார்க்க நேரமாகும், கீழே வையுங்கள் என்று இந்தியில் கத்தினான் ஊழியன். நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒருவரும் குனியவில்லை. முருகேசனால் முடியாமல் போனதும் பின்னால் நின்றவன் தோள் கொடுத்தான். ஊழியன் மறுபடி கத்தினான். வாய் ஓயாத நான்கூட ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கடைசியில் அவனே காகிதத்தோடு எங்களிடம் வந்தான். தரை படாமல் நேராக வண்டியில் ஏற்றினோம்.

இந்த வருடமும் கூடை மலையேறும் என்று அவர் தம்பி போனில் சொன்னார். அந்த மலைக்கு என் இந்திய பாஸ்போர்ட்டில் விசா கிடைக்காது. என்னைப் போகவிட்ட இடம் வரை அவரைச் சுமந்தேன். பாயிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, கீழே வை என்று எவன் கத்தினாலும் சுமையை இறக்காத இந்தத் தோளைத்தான்.