தாயார் படமும் ஓர் ஈர்க்குச்சியும்

அறுபதுகளின் தொடக்கம். காவிரியில் புதுத்தண்ணீர் புரண்டு வந்த ஓர் ஆடி மாதம். திருச்சி தெப்பக்குளத்தருகே ஓர் அச்சகத்தில் நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். ஆவணி பிறந்ததும் எங்கள் செருப்புக் கடை திறப்பு. தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் கை வெந்து, இனி முடியாது என்று வேலையை விட்டவர் அவர். கடை ஓடாவிட்டால் மறுபடி அந்தத் தொட்டிதான். கையிலிருந்த காசுக்கு விளம்பரம் ஒரே தடவைதான் அச்சடிக்க முடியும். எதை அடிப்பது?

அச்சகக்காரர் மாதிரி காலண்டர்களை விரித்தார். செந்தாமரையில் லட்சுமி, பாதத்துக்குக் கீழே கடைப் பெயருக்கு வெற்றிடம். வருஷம் முழுக்கச் சுவரில் இருக்குமே என்றார் கணவர். அந்தச் சிவப்பில் நானும் கரைந்துபோனேன்.

பக்கத்து பெஞ்சில் என் வயதுப் பெண் ஒருவர். கிரகப்பிரவேசப் பத்திரிகை பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. தாயார் திருவடிக்குக் கீழ செருப்புக் கடைன்னு போட்டா, எந்த ஆத்துல மாட்டுவா?"

கணவர் முகம் சுருங்கிவிட்டது. சரி, நோட்டீஸில் ஒரு பாதம் வரைந்து, அதன்மேல் காலை வைத்து அளவு பார்க்கச் சொல்லலாமே என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, மின்விசிறிக் காற்றில் பறந்த ஒரு தாள் அந்த அம்மாளின் காலில் பட்டது. குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் யோசனை அங்கேயே செத்தது.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, அளவாக ஒடித்த ஓர் ஈர்க்குச்சியை எடுத்துக் காட்டினார்.

"பொண்ணோட கால் அளவு. கடைக்கு நான்தானே போகணும், அவ எங்க வரா?"

கணவர் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அச்சகக்காரரிடம் திரும்பினார்.

"இதைவிடக் கொஞ்சம் நீளமா, அட்டையில பட்டை பட்டையா வெட்டித் தருவீங்களா? கடைப் பேரு ஓரத்துல இருந்தாப் போதுங்க."

காலண்டர் அட்டை வெட்டி மிஞ்சிய துண்டுகளே போதுமென்றார் அச்சகக்காரர். ஒரு முனை குதிகாலுக்கு நேராக இருக்கும்படி காலுக்குப் பக்கத்தில் பிடித்து, பெருவிரல் முனையில் கோடு போட்டுக் கொண்டுவரும்படி அச்சடித்தோம். பஸ் நிற்கும் இடங்களிலும் மார்க்கெட்டிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் கொடுத்தோம்.

திறப்பு நாளன்று உச்சிவரை ஈ காக்கை இல்லை. கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது, தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு விவசாயி, மடியிலிருந்து எங்கள் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஒன்றல்ல, பல கோடுகள்.

"வீட்டுல எல்லாரும் இதுலதாங்க இருக்காங்க."

அவர் திரும்பிப் போனபோது தோளில் ஒரு மூட்டைச் செருப்பு. கணவர் அந்தத் தொட்டிப் பக்கம் அப்புறம் போகவேயில்லை.

அந்த ஸ்ரீரங்கத்து அம்மாளை நான் மறுபடி பார்க்கவில்லை. கடைத்தெருவுக்கே வராத எத்தனையோ கால்கள் பென்சில் கோடுகளாக எங்கள் படியேறி வந்ததை நினைக்கும்போதெல்லாம், யாரோ ஒருவர் நமக்கென்ன என்று இருந்துவிடாமல் சொன்ன ஒரு சொல்லில்தான் என் கணவரின் கைகள் ஆறின என்று தோன்றுகிறது.