வாவி பார்க்கப் போய் ஒப்பந்தம் வாசித்த கதை

சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தது. கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டேன். நோக்கம் ஒன்றே ஒன்று, வாவியில் காலைப் படகுச் சவாரி. அதைத் தவிர மற்ற எல்லாம் நடந்தது.

காலை 7.30. புளியந்தீவுக் கோட்டை வாசலில் திகைத்து நின்ற இரண்டு ரஷ்யப் பயணிகளுக்கு அவர்கள் மொழியிலேயே வழி சொன்னேன். முப்பது வருடங்களுக்கு முன் ரஷ்யப் புலமைப்பரிசிலில் அங்கே பொறியியல் படித்தவன் நான். பீற்றிக்கொள்ள வேறு இடம் கிடைப்பதில்லை. என் ஓட்டோக்காரர் ரவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், ரஷ்யா எழுத்து வாசிப்பீங்களா? தங்கச்சிட வீட்ட ஒரு கடுதாசி கிடக்கு. பத்து நிமிசம்தான்."

பத்து நிமிடம் என்பது தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீற்றர், செட்டிபாளையம். என் படகோ 9.30க்கு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தங்கை வசந்தி காகிதத்தை நீட்டினார். கணவர் சிவநேசனுக்கு ரஷ்யாவில் லொறிச் சாரதி வேலை என்று முகவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கையெழுத்து. வாசித்தேன். அது படைச் சேவை ஒப்பந்தம். ஓராண்டு, எந்தப் போர்முனைக்கு அனுப்பினாலும் மறுக்க முடியாது. வசந்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இத அவருக்கும் வாசிங்க" என்று செருப்பை மாட்டினார். அவர் இருந்தது உன்னிச்சையில், வாவிக்கு அக்கரையில்.

குருக்கள்மடத்தில் 'பாதை' (வாவியைக் கடக்கும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர்) மறுகரையில் நின்றது. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். 9.30 சவாரி தவறிய எரிச்சல் மெல்ல என் மீதே திரும்பியது. துருக்கியரோடு ரஷ்யா நடத்திய போர்களை, அங்கே படித்த காலத்தில் கட்டாய வரலாற்றுப் பாடத்துக்காக வரிசையாகப் பாடமாக்கியவன் நான். எந்தப் போரோடு கிரைமியா, எந்த உடன்படிக்கையில் கருங்கடல் துறைமுகம் என்றெல்லாம் எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். துப்பாக்கி தூக்கியவன் எந்த ஊர்க் குடியானவன் என்று வாத்தியார் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை இலவசமாகப் படிப்பித்ததும் அந்த நாட்டின் ராஜதந்திரம்தான்.

அக்கரையிலிருந்து மேலும் ஒரு மணிநேரம். வயலில் சிவநேசன் உழவு இயந்திரத்தின் மேல் இருந்தார். காகிதத்தை விரித்ததுமே தடுத்தார்.

"எனக்குத் தெரியும் சேர். போன கிழமையே ஃபோன்ல மொழிமாத்திப் பாத்திட்டன். ரெண்டு வருசமா வெள்ளாமை வெள்ளத்தோட போகுது. வேற என்ன செய்யிற?"

எனக்குப் பொறுக்கவில்லை. "தெரிந்துமா போகிறீர்?" என்று கத்தியே விட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஓட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த வசந்தியைப் பார்த்தார்.

"அவளுக்கு வாசிச்சிட்டீங்களா?"

"இரண்டு தடவை."

இயந்திரத்தை நிறுத்தினார். "அப்ப இனி நான் எப்பிடிப் போற?"

வசந்தி வந்து என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

போகிறவர்களுக்கு: படகை முதல் நாளே பேசி வையுங்கள். பாதைக்கு ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். ஓட்டோ முழுநாளுக்கு 6,500 ரூபாய். தெரிந்த மொழியை ஓட்டோக்காரர் முன்னால் காட்டாதீர்கள் என்றும் எழுத நினைத்திருந்தேன். சனிக்கிழமை ரவி அழைத்தார்.

"மச்சான் கையெழுத்து வைக்கல்ல சேர். ஆனா உங்களோடயும் என்னோடயும் இனிக் கதைக்க மாட்டாராம்."

கதைக்காமலே இருக்கட்டும்.