இருபத்தொன்பதாம் தேதி யாருடைய பாடு?

எண்பதுகளின் பின்பாதியில் தோணிரேவிலிருந்து பொன்னேரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்த பெண் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஏரியின் நல்ல இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்கிற முறைக்கு எங்கள் ஊரில் பாடு என்று பெயர். ஒருவர் பாடு அன்று இன்னொருவர் இறங்க மாட்டார். அந்தப் பட்டியலை மாதாமாதம் அச்சடித்துத் தர ஒரு புரோகிராம் எழுதினேன். கேட்டவருக்கெல்லாம் பிளாப்பியில் நகல் கொடுத்தேன். திருத்தினால் எனக்கும் ஒரு நகல் தர வேண்டும், அவ்வளவுதான். காட்டூர்க்காரர் ஒருவர் வயலுக்குத் தண்ணீர் விடும் முறைக்கு அதையே மாற்றி வைத்துக்கொண்டார்.

தேதிக் கணக்கை மட்டும் நான் எழுதவில்லை. லைப்ரரி என்று சொல்வார்கள், யாரோ எழுதி வைத்திருந்த ரெடிமேட் புரோகிராம்; அதை அப்படியே உள்ளே சேர்த்திருந்தேன். சோம்பல்தான். இன்ஸ்டிடியூட்டுக்குப் புது மெஷின் வந்ததும் அந்த லைப்ரரி அதில் ஓடவே இல்லை. எழுதியவரும் எப்போதோ அதைக் கைகழுவியிருந்தார். பிரித்துப் பார்த்தால், அதற்கு லீப் வருஷம் என்ற ஒன்றே தெரியாது! அந்த வருஷத்துப் பிப்ரவரிப் பட்டியலில் இருபத்தெட்டுக்கு அடுத்து நேராக மார்ச் ஒன்று. படித்த பெண் போட்டால் காரணம் இருக்கும் என்று ஊரே ஒரு நாள் சும்மா இருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டேன். லைப்ரரியைக் கழற்றிவிட்டு, தேதிக் கணக்கை நானே எழுதி, இறால் ஓடும் மாதத்துக்குப் புதுப் பட்டியல் ஒட்டினேன்.

முதல் தேதியே என் அப்பா, நைனா, வலையும் கையுமாக வந்து நின்றார்.

"நேத்து எங்க அண்ணன் பாடு. இன்னைக்கு உங்க மாமன் பாடுன்னு போட்டுக்கீற. நடுவுல நான் இன்னாடி ஆனேன்?"

பழைய லைப்ரரி விழுங்கிய நாளைப் புதுக் கணக்கு சேர்த்துக்கொண்டதில் ஒரு பாடு காணாமல் போயிருந்தது. அது எங்கள் வீட்டுப் பாடு. இறால் ஓடும்போது அதை விட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

ஊர்க் கூட்டத்தில் லைப்ரரி, லீப் வருஷம் எல்லாவற்றையும் விளக்கினேன். தப்பு என்னுடையது, நைனாவுக்கு ஒரு நாள் விட்டுக்கொடுங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். என் தாய்மாமா மட்டும் எழுந்து துண்டை உதறினார்.

"பட்டியல்ல இல்லாத அந்த இருபத்தொம்போதாந் தேதி, ஏரியில எறங்குனது யாரு மச்சான்?"

நைனா தரையைப் பார்த்தார். யார் பெயரும் இல்லாத நாளில் யார் கேட்கப்போகிறார்கள் என்று தனியாகப் போய்க் கூடை கூடையாக வாரி வந்திருக்கிறார். அந்த மீன் குழம்பை நானும்தான் வழித்து வழித்துத் தின்றேன். என் புரோகிராம் அந்த ஒரு நாளை அவரிடமிருந்து சத்தமில்லாமல் திரும்ப வாங்கிவிட்டது. கூட்டம் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. நைனாவுக்குப் பாடு கிடைக்கவில்லை.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அடுத்த இருபத்தொம்போது எப்பம்மா வருது?"

"இன்னும் மூணு வருசத்துக்கு மேல ஆவும் நைனா."

ஒரு வாய் சாப்பிட்டார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பழைய லைப்ரரிய தூக்கிப் போட்டுட்டியா, எங்கனா வச்சுக்கீறியா?"